தொட்டி ஏன் வெடித்தது என்று தம்பியிடம் கேளுங்கள்

உச்சிப்புளியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பு முடித்த மகன் லீவு விட்டதிலிருந்து கட்டில் கால் கடைகிற பட்டறையிலேயே கிடக்கிறான். ஒரு நாள் பூவரச மரத்தில் பூந்தொட்டி ஒன்றைக் கடைந்து கொண்டுவந்தான். கற்றாழை வைத்து மூன்று வாரத்தில் அது மேலிருந்து கீழாக வெடித்துவிட்டது. 'இதை நம்பி இவனை எப்படி விடுவது?' என்று கேட்கிறீர்கள். மகன் கடலுக்கு வர வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கும் அவன் அப்பா, இந்த மரத்தூளும் வேண்டாம் என்கிறார்.

சரி, முதலில் தொட்டியைப் பார்ப்போம். வேலை சரியில்லை என்பதால்தான் வெடித்தது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் பச்சை மரமாக இருந்திருக்கும். மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்காது. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் அதிகமாகவும், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் குறைவாகவும் சுருங்கும். தடியின் நட்டநடு மையம் தொட்டிக்குள்ளேயே இருந்துவிட்டால், இந்த இழுபறியில் எங்காவது பிளந்துதான் ஆக வேண்டும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் மையத்தை ஒதுக்கிவிட்டு மரத்தை எடுப்பார்கள். பச்சையாகவே கடைய வேண்டியிருந்தால், 10 அங்குல அகலத் தொட்டிக்குச் சுவரை 1 அங்குலம் கனமாக விட்டு, மரச்சீவலோடு காகிதப் பையில் போட்டு மாதக்கணக்கில் காயவைப்பார்கள். காய்ந்ததும் அது வட்டம் கெட்டு நீள்வட்டமாகியிருக்கும். அதை மறுபடி லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில் ஏற்றி, இரண்டாம் முறை கடைந்து சுவரை மெலிதாக்குவார்கள். ஈரமண்ணை நேரடியாக மரத்தில் கொட்டினால் உள்ளே இருந்து அழுகும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் தொட்டியை, சுற்றிலும் கொஞ்சம் இடைவெளி விட்டு உட்காரவைப்பதுதான் எளிது.

ஆலோசனை கேட்ட இடத்தில் இந்தத் தொழில் கதை எதற்கு என்று நினைக்கலாம். தம்பியிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதில்தான் இருக்கிறது. 'ஏண்டா வெடிச்சது?' என்று திட்டாமல் கேளுங்கள். 'மரம் சரியில்லம்மா' என்று சொல்லிவிட்டு போனை எடுத்தால், இது லீவு முடிந்தால் முடிகிற ஆசையாக இருக்கலாம். மரத்தை எப்போது வெட்டினார்கள், எந்தப் பக்கத்தில் முதலில் கீறல் விட்டது என்று அவன் ஆரம்பித்தால் பேச்சே வேறு. அடுத்ததைச் சீமைக்கருவேலத்தில் செய்து பார்க்கட்டும். நம் மாவட்டத்தில் கரிமூட்டத்துக்குப் போகிற அந்த மரம் காயும்போது அதிகம் சுருங்காது. ஆனால் தடி கோணலாகவும் சிறிதாகவும் கிடைப்பதால் சின்னத் தொட்டிதான் வரும். உளியையும் அடிக்கடி தீட்ட வேண்டும்.

இனி படிப்பு. ஐடிஐ என்கிற தொழிற்பயிற்சி நிலையத்தில் 'டர்னர்' (கடைசல்காரர்) என்று ஒரு பிரிவு உண்டு, 2 ஆண்டு, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஆனால் அங்கே கடைவது இரும்பு, மரம் இல்லை. என்னிடம் வந்த ஒரு பையன் மரக்கடைசல் என்று நினைத்து அதில் சேர்ந்து, ஆறே மாதத்தில் வெளியே வந்துவிட்டான். சேர்த்துவிட்டவர்கள் ஒருவர்கூட அவனுக்கு இதை விளக்கிச் சொல்லவில்லை. மர வேலைக்குக் 'கார்பென்டர்' என்று தனிப் பிரிவு இருக்கிறது. அதற்கு எட்டாம் வகுப்பே போதும், ஆனால் அதில் கடைசல் ஒரு சின்னப் பகுதிதான்.

என் கருத்தைக் கேட்டால், தெரிந்தே டர்னரில் சேரட்டும் என்பேன். மரத்தொட்டி மட்டும் கடைந்து இந்தக் கரையில் குடும்பம் நடத்த முடியும் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ராமேஸ்வரம் வருகிறவர்கள் சங்கு வாங்குவார்கள், தொட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறுவார்களா? இரும்பு லேத்தில் உளியை இயந்திரமே பிடித்துக்கொள்ளும், மர லேத்தில் கை பிடிக்க வேண்டும். கையில் பழகியவனுக்கு வெர்னியர், மைக்ரோமீட்டர் என்ற நுட்ப அளவுக் கருவிகள்தான் புதிதாக வர வேண்டியவை, சுழலும் பொருள்மேல் பயம் ஏற்கெனவே போயிருக்கும். இரண்டு ஆண்டு முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். அரசு ஐடிஐ-யில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. பரமக்குடி உங்களுக்கு ரயில் தூரம்தான். விண்ணப்பிக்கும் முன் அங்கே டர்னர் பிரிவில் இடம் இருக்கிறதா என்று நேரில் கேட்டுவிடுங்கள்.

மரத்தை விட வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போகட்டும். அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைகிறவர்களை ஒருமுறை பார்த்து வரட்டும். பின்னால் அதே பிடிவாதம் இருந்தால் பெங்களூருவில் மத்திய அரசின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, அங்கே மர வேலைப் பயிற்சி பற்றி விசாரிக்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். லேத் முன்னால் கையுறை, முழுக்கைச் சட்டை, தோளில் துண்டு எதுவும் கூடாது. சுழலும் மரம் நூல் நுனியைப் பிடித்தாலும் கையோடு இழுத்துவிடும். முகத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தடுப்பு, மூக்குக்கு மாஸ்க் கட்டாயம்.

அவன் அப்பாவுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். இப்போது மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. மண்டபத்தில் விசைப்படகு ஷாஃப்ட்டை (விசிறியைச் சுழற்றும் இரும்புத் தண்டை) கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை எது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. தம்பியை அங்கே அரை நாள் கூட்டிப்போய் நிற்கவைக்கச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது அவன் எதைப் பற்றிப் பேசினான் என்று எனக்கு எழுதுங்கள். கிளம்பும் முன், மணிக்கட்டில் கட்டியிருக்கும் கறுப்புக் கயிற்றைக் கழற்றி வைத்துவிட்டுப் போகட்டும்.