அல்லங்காடியும் இரண்டு துணைக்காலும்

கேள்வி: வேலை விஷயமாகக் கோலாலம்பூர் போகிறேன். வெள்ளி இரவு இறங்கி, செவ்வாய் காலை திரும்புகிறேன். அங்குள்ள அல்லங்காடிகளில் எது சிறந்தது? பெட்டாலிங் ஸ்ட்ரீட் மட்டும் பார்த்தால் போதுமா? பேரம் பேசலாமா?
– ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: 'நைட் மார்க்கெட்' என்று எழுதியிருந்தால் நாலு வரியில் பதில் சொல்லி முடித்திருப்பேன். அல்லங்காடி என்று எழுதி வம்பை விலைக்கு வாங்கிவிட்டீர்கள்.

பல வருடங்களுக்கு முன்னால் இதே பக்கத்தில் 'இரவுச் சந்தை' என்று எழுதப்போக, ஒரு புலவர் நாலு பக்கக் கடிதம் போட்டார். மதுரைக்காஞ்சியில் பகல் சந்தைக்கு நாளங்காடி, இரவுச் சந்தைக்கு அல்லங்காடி என்று அழகான சொற்கள் இருக்கின்றனவே, வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று கேட்டிருந்தார். நியாயமாகப் பட்டது. அடுத்த இதழில் அல்லங்காடி போட்டோம். எங்கள் மெய்ப்புத் திருத்துநர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். "இஞ்சிக் கடையா சார்?" என்று கேட்டார். தெலுங்கில் அல்லம் என்றால் இஞ்சி. வாசகர்களில் சிலர் 'அல்ல, அங்காடி' என்று பிரித்துப் படித்துவிட்டு, அங்காடி அல்லாத அது வேறென்ன என்று கேட்டு எழுதினார்கள். எதற்கு வம்பு என்று அடுத்த தடவை மலாய்க்காரர்கள் சொல்கிறபடியே 'பாசார் மாலாம்' என்று போடச் சொன்னேன். மாலாம் என்றால் இரவு. அதே மெய்ப்புத் திருத்துநர் அதிலிருந்த இரண்டு துணைக்காலையும் கோட்டைவிட்டார். மிச்சம் என்ன என்று நீங்களே எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள். மலேசியாவின் கிள்ளானிலிருந்து வந்த கடிதங்களை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

புலவரோ விடுவதாக இல்லை. மாலாம் என்பது நம்முடைய மாலைதான் என்று போன மாதமும் எழுதியிருக்கிறார். மலாயில் குறைவைக் 'கூராங்' என்கிறார்கள், அது நம் 'குறை'யாம். ஐயா, காதுக்கு ஒன்றுபோலக் கேட்பதையெல்லாம் சொந்தம் கொண்டாட வேண்டிய அவசியமே நமக்கில்லை, நிஜமாகவே நம்மிடமிருந்து போனது அங்கே கொட்டிக் கிடக்கிறது. கடை அங்கே கெடாய். கப்பல் காப்பால், முதல் மோடால், மாம்பழம் மெம்பெலாம். ஆண்கள் கட்டிக்கொள்ளும் கைலித் துணிக்குப் பெலேக்காட் என்று பெயர், அது நம் பழவேற்காடு. சந்தையில் துணிக்கடைக்காரர் தொண்டை கிழிய "லேலோங், லேலோங்" என்று கத்துவார். அது ஏலம். புலவர் பேனாவை எடுப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: ஏலமும் தமிழ் இல்லை, லேலோங்கும் மலாய் இல்லை, இரண்டும் போர்த்துக்கீசியர்கள் விட்டுப்போன ஒரே சொல்லின் இரண்டு பிள்ளைகள். அவர்கள் ஏறக்குறைய எல்லாத் துறைமுகத்திலும் எதையாவது விட்டுவிட்டுத்தான் போனார்கள், நமக்கு ஜன்னலும் அலமாரியும் கிடைத்தன.

சரி, உங்கள் கேள்வி. பெட்டாலிங் ஸ்ட்ரீட் போதாது. என் கணக்கில் அதுதான் 'அல்ல, அங்காடி'. தெருவுக்கே கூரை போட்டு, தினமும் அதே இடத்தில், அதே போலிக் கைக்கடிகாரங்களை, வெளியூர்க்காரர்களுக்கென்றே விற்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் அங்கே போவது சாப்பிடத்தான். ஆனால் அதன் பழைய பெயர் சேலத்துக்காரரான உங்களுக்குப் பிடிக்கும். கண்டோனீஸ் பேசும் சீனர்கள் அதைச் சீ சியோங் காய் என்பார்கள், மாவு ஆலைத் தெரு என்று அர்த்தம். 19ஆம் நூற்றாண்டில் அந்த ஊரைத் தூக்கி நிறுத்திய சீனர் தலைவர், கப்பித்தான் யாப் ஆ லோய் அங்கே மரவள்ளிக்கிழங்கு மாவு ஆலை வைத்திருந்தார். உங்கள் ஊர் ஜவ்வரிசிக் கதையும் அந்தப் பக்கத்தில்தான் ஆரம்பம். இரண்டாம் உலகப் போரில் மலாயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோனதால்தான் சேலத்தில் மரவள்ளியிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினார்கள். (சவ்வரிசி என்றுதான் எழுத வேண்டும் என்று ஒரு கடிதம் வரும். யாரிடமிருந்து என்று சொல்லத் தேவையில்லை.)

இப்போது முக்கியமான சமாச்சாரம். 'எந்த' பாசார் மாலாம் என்று கேட்கிறீர்கள், என்ன கிழமை என்று கேட்டிருக்க வேண்டும். அது இடமே இல்லை, கிழமை. ஒவ்வொரு குடியிருப்புக்கும் வாரத்தில் ஒரு நாள். மத்தியானம் மூன்று மணிக்குச் சாதாரணத் தெருவாக இருக்கும், வேன்கள் வரும், கூடாரம் எழும்பும், ஜெனரேட்டர் உறுமும், ஆறு மணிக்குக் கால் வைக்க இடமிருக்காது. பத்து, பதினோரு மணிக்கு எல்லாவற்றையும் சுருட்டி ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். மறுநாள் அதே கடைக்காரர் வேறு பேட்டையில் நிற்பார். மேப்பைப் பார்த்துவிட்டு வியாழக்கிழமை புதன் சந்தைக்குப் போய், காலித் தெருவைப் படம்பிடித்து 'ஏமாற்றம்' என்று வீடியோ போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. செவ்வாய்ப்பேட்டை என்று முகவரியில் எழுதுகிறவருக்கு, சுக்கிரவார்பேட்டை இருக்கிற கோயம்புத்தூருக்குப் பக்கத்து ஊர்க்காரருக்கு, கிழமைச் சந்தையை நான் விளக்க வேண்டுமா?

கோனாட் சந்தைதான் ராஜா. செராஸ் பகுதியில் தாமான் கோனாட், கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் நீளம், ஒரு முனையிலிருந்து மறுமுனை போவதற்குள் இரண்டு வேளைச் சாப்பாடு முடிந்துவிடும். ஆப்பாம் பாலிக் கண்டிப்பாகச் சாப்பிடுங்கள், வேர்க்கடலையும் சர்க்கரையும் தூவிப் பாதியாக மடித்துத் தருவது, பெயரில் இருக்கும் ஆப்பம் நம் ஆப்பமேதான். கரும்புச்சாற்றைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஒரு பக்கம் மட்டும் கயிற்றால் கட்டி, ஸ்ட்ராவைச் செருகித் தருவார்கள், விரலில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். கொஞ்ச தூரம் போனதும் ஒரு நாற்றம் வரும். சாக்கடை உடைந்துவிட்டது என்று நினைப்பீர்கள். அது புளிக்கவைத்த தோஃபூவைப் பொரிக்கும் வாசனை, வரிசையில் நின்று வாங்குகிறார்கள். எங்கள் மெய்ப்புத் திருத்துநர் துணைக்கால்களை விட்டது ஒருவேளை தெரிந்தேதானோ என்று அங்கே நின்றபோதுதான் எனக்குத் தோன்றியது.

பேரமா? சாப்பாட்டில் வேண்டாம், அசிங்கம். "தீகா செபுலோ" என்றால் பத்து வெள்ளிக்கு (அங்கே ரிங்கிட்டைத் தமிழர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) மூன்று, அதோடு பேச்சு முடிந்தது. துணி, செருப்பு என்றால் "போலே கூராங்?" என்று கேட்டுப் பாருங்கள், குறைக்க முடியுமா என்று அர்த்தம். சனிக்கிழமை துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலைச் சந்தைக்குப் போனால், பக்கத்திலேயே இந்தியர் கடைகள் நிறைந்த மஸ்ஜித் இந்தியா வட்டாரம், தமிழிலேயே பேரம் பேசலாம். விலை மட்டும் மலாயில் கேட்டதைவிடக் குறையாது. "ஊரிலிருந்து வந்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டார் என்றால் ஏறவும் கூடும்.

ஞாயிறு பங்சாரில், திங்கள் பெட்டாலிங் ஜெயாவின் எஸ்.எஸ்.2வில். இந்த மூன்றும் உங்களுக்குக் கிடைக்கும். கோனாட் புதன்கிழமை. செவ்வாய் காலை விமானத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று விசாரியுங்கள்.