நாலரை மணிக்கு எழ வேண்டாம்

வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, திருவண்ணாமலை

கேள்வி: எனக்கு 48 வயது. பக்கவாதம் வந்து மாமியார் படுத்த படுக்கையாகி இரண்டு வருடம் ஆகிறது. கணவருக்கு லாரித் தொழில், வீடு தங்குவதில்லை. மனதில் தெம்பு வரட்டும் என்று தியான வகுப்பில் சேர்ந்து, தினமும் நாலரைக்கு எழுந்து உட்காருகிறேன். ஒன்றும் நடக்கவில்லை. போன வாரம் கஞ்சியைத் துப்பினார் என்று மாமியாரை அதட்டிவிட்டு, அப்புறம் பாத்ரூமில் போய் அழுதேன். “மாமியாருக்குச் செய்வதே பூஜை” என்கிறார்கள் சொந்தக்காரர்கள். நான் ஏன் முன்னேறவே இல்லை?
- வாசகி, நாமக்கல்

பதில்: பூஜை என்று சொன்ன சொந்தக்காரர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அந்தப் பூஜையைச் செய்யச் சொல்லுங்கள், அம்மா. கிண்டலுக்குச் சொல்லவில்லை. படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டி விடாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அப்படியென்றால் நீங்கள் ராத்திரியில் சேர்ந்தாற்போல் தூங்குவதே இல்லை. இதில் நாலரைக்கு வேறு எழுந்தால் எங்கிருந்து தியானம் வரும்? முதலில் அதை நிறுத்துங்கள். வாரத்தில் இரண்டு ராத்திரியாவது கணவரோ, நாத்தனாரோ, கூலிக்கு ஓர் ஆளோ பார்த்துக்கொள்ளட்டும். இன்னொன்று, பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவதில் சிரமம் இருப்பது சகஜம். கஞ்சி துப்புவதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

சரி, முன்னேற்றத்துக்கு வருவோம். 1902-ல் இங்கே மலைமேல் விருபாட்ச குகையில் மௌனமாக இருந்த ரமணரிடம், வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் வந்து கேள்வி கேட்டார். ரமணருக்கு அப்போது 22 வயது. வாய் திறக்காமல் எழுதிக் காட்டினார். அந்தக் கேள்வி பதில்தான் பிற்பாடு ‘நான் யார்?’ என்று அச்சானது. எல்லாரும் அந்தப் பதில்களைத்தான் பேசுவார்கள். எனக்கோ கேள்வி கேட்டவர்மேல்தான் பிரியம். அவர் உத்தியோகத்தை விட்டார், மனைவியைப் பறிகொடுத்தார், ரமணரே கதி என்று இருந்தார். அப்படியும் ‘நான் தேறவே இல்லையே’ என்று தன்னைத்தானே நொந்து பாட்டாக எழுதி வைத்தார். ரமணரிடம் நேரில் பதில் வாங்கியவர் கதையே இது. நீங்கள் இரண்டே வருடத்தில் மார்க் ஷீட் கேட்கிறீர்கள்.

அவருக்குக் கிடைத்த வழிக்கு அலாரம் வேண்டாம், பாயும் வேண்டாம். ஓர் எண்ணம் கிளம்பும்போதே ‘இது யாருக்கு?’ என்று கேட்க வேண்டும். ‘எனக்கு’ என்று வரும். ‘அந்த நான் யார்?’ என்று அப்படியே உள்ளே திரும்பினால், கிளம்பிய எண்ணம் அடங்கும். ‘வேணும்னேதான் துப்புறாங்க’ என்று பொங்கிக்கொண்டு வருகிறதே, அப்போது கையில் கஞ்சிக் கரண்டியோடே கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மறந்துபோகும். அதட்டி முடித்த பிறகு ஞாபகம் வந்தால் அப்போது கேளுங்கள், அதுவும் கணக்கில் சேரும்.

பிற்காலத்தில் ஆசிரமம் வந்த பிறகு ரமணர் விடியுமுன்பே சமையற்கட்டில் காய் நறுக்க உட்கார்ந்துவிடுவார். தரையில் சிந்திய கடுகைச் சமையல் ஆட்கள் சட்டை செய்யாமல் விட, அவர் நகத்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பாத்திரத்தில் போட்டதைக் கூட இருந்த அடியவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். உங்கள் தலையில் இன்னும் வேலையைக் கட்ட இதைச் சொல்லவில்லை. சாமியைத் தேடி நீங்கள் சமையற்கட்டை விட்டு எங்கும் போக வேண்டாம். தூங்க மட்டும் போங்கள்.

கேள்வி: முழங்கால் வலி இருக்கிறது. பௌர்ணமிக்கு வந்து கிரிவலம் போனால்தான் பலனா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: எந்த நாளும் போகலாம் ஐயா. பௌர்ணமிக் கூட்டம் லட்சக்கணக்கில் வரும், உங்கள் முழங்காலுக்கு அது ஆகாது. மொத்தம் 14 கிலோமீட்டர். இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம்வரை எட்டு லிங்கம் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து கால் நீட்டுங்கள். ரமணரே அன்பர்களோடு சுற்றும்போது ஆங்காங்கே தங்கி, மெதுவாகத்தான் நடந்தார். சாதாரண நாளில் விடியுமுன் கிளம்பிவிடுங்கள். வெயில் ஏறினால் தார் ரோடு வெறுங்காலைப் பொசுக்கிவிடும். நடுவில் முடியவில்லையா, ஆட்டோவைக் கை காட்டுங்கள்.

கேள்வி: தியான ஆப்பில் ஆறு மாதமாக ஒருநாள்கூட விடாமல் இருந்தேன். தங்கை கல்யாண வேலையில் ஒருநாள் விட்டுப்போய், கணக்கு பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. மனசே உடைந்துவிட்டது. என்ன செய்வது?
- வாசகர், ஓசூர்

பதில்: கல்யாணம் நல்லபடியாக நடந்ததா தம்பி? அதை எழுதவே இல்லையே.