எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் என்ன சாப்பிடலாம், எப்படிக் குடிக்கலாம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 41. மூன்று வாரங்களுக்கு முன் ஸ்லீவ் முறையில் எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேன். மருத்துவமனையில் கொடுத்த தாளில் ‘மசித்த உணவு, புரதம் 60 கிராம், நீர் ஒன்றரை லிட்டர்’ என்று மட்டுமே இருக்கிறது. என் அத்தையோ, உடம்பு தேற உளுந்தங்களி கிண்டித் தருகிறேன் என்கிறார்கள். எனக்கு அரை டம்ளர் தண்ணீர்கூட ஒரே மூச்சில் இறங்கவில்லை; நெஞ்சிலேயே நிற்கிறது. நம் வீட்டுச் சமையலில் எதை, எப்படிச் சாப்பிடுவது?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன். இந்த அறுவைக்குப் பின் முதல் சில வாரங்களில் மறுபடியும் மருத்துவமனைக்கு வர நேர்பவர்களில் பலர் உடலில் நீர் வற்றித்தான் வருகிறார்கள். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்கு அகற்றப்பட்டு, வாழைப்பழம் போன்ற ஒரு குழாய்தான் மிஞ்சுகிறது. அதில் 100 முதல் 150 மில்லி வரைதான் கொள்ளும். உள்வீக்கம் முழுவதும் வற்றாத இந்த வாரங்களில் அதைவிடவும் குறைவாகவே கொள்ளும். எனவே அரை டம்ளரை மடக்கென்று குடித்தால் நெஞ்சில் நிற்பது இயற்கையே. 30 மில்லி அளவுக் கோடுள்ள மருந்துக் கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொண்டு, கால் மணிக்கு ஒரு முறை அதில் ஒரு கிண்ணம் நீரை மெல்ல உறிஞ்சுங்கள். விழித்திருக்கும் 14 மணி நேரத்தில் மூன்று வேளைச் சாப்பாட்டுக்காக மூன்று மணி நேரத்தைக் கழித்தாலும், 1,300 மில்லிக்கு மேல் உள்ளே போய்விடும். நீர்மோர், பருப்புத் தெளிவு, காய் வேகவைத்த நீர் ஆகியவையும் இந்தக் கணக்கில் சேரும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை என்று அறிந்துகொள்ளலாம்.

சாப்பாட்டோடு மட்டும் தண்ணீர் குடிக்க வேண்டாம். சாப்பிட்டு முடித்தபின் அரை மணி நேரம் கழித்தே குடிக்க வேண்டும். பக்கத்தில் செம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டே சாப்பிட்டுப் பழகிய நமக்கு, புளி காரத்தை விடுவதைவிட இதுதான் கடினமாக இருக்கும். சோடா, கோலி சோடா முதலிய வாயுப் பானங்கள் அறவே கூடாது.

இனி உணவு. அரிசிக் கஞ்சி எளிதில் இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு டம்ளர் கஞ்சியில் இரண்டு கிராம் புரதம்கூடத் தேறுவதில்லை. சுருங்கிய இரைப்பையில் இருக்கும் சிறிது இடத்தையும் கஞ்சிக்குக் கொடுத்துவிட்டால், உடல் தன் தசையைக் கரைத்தே புரதத்தைத் தேடிக்கொள்ளும். மாறாக, நாள் முழுவதும் பிரித்து உண்ணும்படி இப்படி ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆடை நீக்கிய பால் அரை லிட்டரில் 16 கிராம், இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவில் 7, குழைய வேகவைத்து மத்தால் கடைந்த 30 கிராம் பாசிப்பருப்பில் 7, வேகவைத்து முள் நீக்கி மசித்த 50 கிராம் நெய்மீனில் 10, நூறு கிராம் கட்டித் தயிரில் 3 அல்லது 4. எல்லாம் சேர்ந்தும் 45 கிராமைத் தாண்டவில்லை. இவ்வளவையும் உண்ண முடியும் என்ற உறுதியும் இந்த வாரத்தில் இல்லை. மருத்துவர்கள் புரதப் பொடியை எழுதிக் கொடுப்பது இந்தக் குறையை நிரப்பத்தான். அதைப் பாலில் கலந்து குடிப்பதில் தயக்கம் வேண்டாம்.

உங்கள் அத்தையின் அக்கறையை நான் குறை சொல்ல மாட்டேன். பூப்பெய்திய பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் உளுந்து கொடுத்துத் தேற்றிய ஊர் இது. ஆனால் களியில் உளுந்தோடு கருப்பட்டியும் நல்லெண்ணெயும் நிறையச் சேர்கின்றன. கருப்பட்டியும் சர்க்கரைதான். தவிர, உருண்டையாகத் திரளும் பிசுபிசுப்பான உணவு இப்போது அடைத்துக்கொள்ளும். அதே தொலி நீக்கிய உளுந்தைக் குழைய வேகவைத்து, அரைத்து, பால் விட்டு நீர்க்கக் காய்ச்சி, இனிப்பில்லாமல் தரச் சொல்லுங்கள். சொதியும் உண்ணலாம், முதல் தேங்காய்ப்பாலையும் பச்சை மிளகாயையும் விட்டுவிட்டு, பாசிப்பருப்பைக் கூட்டி, காய்களை மசித்துவிட வேண்டும்.

சிறு கரண்டியால், ஒரு வாய்க்கும் அடுத்ததற்கும் இடைவெளி விட்டு, 20 நிமிடமாவது எடுத்துக்கொண்டு உண்ணுங்கள். விக்கலோ, மூக்கில் நீர் வழிவதோ, நெஞ்சுக்குழியில் அழுத்தமோ தோன்றினால் கிண்ணத்தில் எவ்வளவு மீதி இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். பொதுவாக நான்கு வாரங்களுக்குப் பின் மென்மையான இட்லி, குழைந்த காய் என்றும், ஆறு முதல் எட்டு வாரங்களுக்குப் பின் வழக்கமான உணவு என்றும் மெல்ல மாறலாம். உங்களுக்கான கெடுவை உங்கள் அறுவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஓரிரு நாளுக்கு மேல் வாந்தி தொடர்ந்தால் ‘அறுவை செய்தால் அப்படித்தான்’ என்று வீட்டில் இருக்கக் கூடாது. பி1 எனப்படும் தயமின் உயிர்ச்சத்து உடலில் சில வாரங்களுக்கே இருப்பாக இருக்கும். அது தீர்ந்தால் நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும், நினைவு குழம்பும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது ஆபத்தை அதிகமாக்கும். ஆகையால் எந்த மருத்துவமனைக்குப் போனாலும், அறுவை நடந்ததையும் எத்தனை நாளாக வாந்தி என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காய்ச்சல், கடும் வயிற்றுவலி, இடது தோள்வலி, நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டுவது ஆகியவை தையல் கசிவின் அறிகுறிகளாக இருக்கலாம். அப்போது விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

கேள்வி: ஐந்து மாதங்களுக்கு முன் இரைப்பை பைபாஸ் முறையில் எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டேன். மைத்துனர் கல்யாணத்தின் மறுவீட்டு விருந்தில் ஒரு துண்டு அல்வா சாப்பிட்டேன். கால் மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, வயிறு முறுக்கிப் படுத்துவிட்டேன். சர்க்கரை இறங்கிவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர்கள் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார்கள், இன்னும் மோசமாயிற்று. இது என்ன?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: இதற்கு ‘டம்பிங்’ என்று பெயர். உணவைச் சிறிது சிறிதாகக் குடலுக்கு அனுப்பும் இரைப்பை வாயிலை பைபாஸ் அறுவை தவிர்த்துவிடுவதால், அல்வாவின் சர்க்கரை நேரே சிறுகுடலில் போய் விழுந்து, இரத்தத்திலிருந்து நீரைக் குடலுக்குள் இழுக்கிறது. சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்துக்குள் இது வந்தால், குளுக்கோஸ் கொடுப்பது எரிகிற நெருப்பில் எண்ணெய் விடுவதுதான். படுத்து ஓய்வெடுத்தால் தணியும். சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து நடுக்கமும் மயக்கமும் வருவது வேறு. அப்போதுதான் சர்க்கரை உண்மையாகவே இறங்கியிருக்கும். எது என்று அறிய, குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு இரத்தம் போதும்.

விருந்துக்குப் போகலாம்; பருப்பையும் தயிரையும் முதலில் உண்டு, பாயசத்தையும் அல்வாவையும் கைகூப்பித் தவிர்த்துவிடுங்கள். நம்மூரில் அல்வாவை வேண்டாம் என்றால் சம்பந்தி வீட்டார் முகம் சுளிப்பார்கள் என்பது தெரிந்ததுதான், சுளிக்கட்டும். சிலருக்கு நாளடைவில் சிறிதளவு இனிப்பு ஒத்துக்கொள்வதுண்டு. அதைச் சோதித்துப் பார்க்கும் இடம் வீடு, பந்தி அல்ல.

கேள்வி: அறுவை முடிந்து மூன்று மாதம் ஆகிறது. பதநீர், நுங்கு சாப்பிடலாமா?
– ஒரு வாசகர், திசையன்விளை

பதில்: நுங்கைத் தோல் நீக்கி நன்றாக மென்று உண்ணலாம், வழுக்கிக்கொண்டு முழுதாக இறங்கிவிடக் கூடாது என்பதே கவலை. பதநீரை விட்டுவிடுங்கள். அதில் நூறு மில்லிக்குப் பத்துக் கிராம் அளவில் சர்க்கரை இருக்கிறது, தவிர வெயில் ஏற ஏறப் புளித்துக் கள்ளாகவும் மாறும். இந்த அறுவைகளுக்குப் பின், குறிப்பாக பைபாஸுக்குப் பின், சிறிது மதுவும் விரைவில் தலைக்கேறும்.

கேள்வி: என் மனைவிக்கு அறுவை நடந்து நான்கு மாதம். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. இரும்புச்சத்து மாத்திரையைக் காலைத் தேநீரோடு போட்டுக்கொள்கிறாள். முழங்கால் வலிக்கு மெடிக்கலில் வாங்கிய மாத்திரையும் உண்டு.
– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: எடை வேகமாகக் குறைவதால் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் முடி கொட்டுவது வழக்கம், புரதமும் இரும்பும் சரியாகச் சேர்ந்தால் பெரும்பாலும் மீண்டும் வளரும். தேநீர் இரும்பை உடலில் சேரவிடாது. ஆகவே மாத்திரையை வெறும் நீரில் விழுங்கி, தேநீரை இரண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். கால்சியம் மாத்திரைக்கும் இரும்பு மாத்திரைக்கும் இடையிலும் அதே இடைவெளி வேண்டும். பி12 உள்ளிட்ட சத்து மாத்திரைகள் ஆயுள் முழுவதும் தொடர வேண்டியவை. இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

முழங்கால் மாத்திரையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகள் தையல் இணைப்பில் புண்ணை உண்டாக்கி இரத்தக் கசிவு வரை கொண்டுபோகும். வலிக்குப் பாராசிட்டமால் தரலாமா, எவ்வளவு தரலாம் என்று அறுவை செய்த மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மலம் தார்போலக் கறுத்துப் போயிருந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.