மெகானியூரா எந்த வரிசை?

மெகானியூரா என்ற, தட்டானைப் போன்ற பழங்காலப் பெரும்பூச்சியின் வரிசை (வகைப்பாட்டில் order) ஒரு நூலில் புரோட்டோடொனாட்டா, இன்னொன்றில் மெகானிசாப்டெரா என்று இருப்பதாகக் கேட்டிருந்தீர்கள். உங்கள் அட்டவணையில் மெகானிசாப்டெரா என்றே போடுங்கள். புரோட்டோடொனாட்டா பழைய பெயர். நேரடி உறவில்லாத பழங்காலக் கிளைகள் சிலவற்றையும் அதற்குள் திணித்துவிட்டார்கள்.

இன்றைய தட்டான்களின் வரிசையான ஒடோனாட்டா என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இன்றைய தட்டான்களின் இறக்கை முன்விளிம்பில், நடுவாக்கில் நோடஸ் என்ற மூட்டும், நுனிப்பக்கம் டெரோஸ்டிக்மா என்ற நிறத்திட்டும் இருக்கும். மெகானியூராவில் இரண்டுமே கிடையாது. புதைபடிவத்தில் பெரும்பாலும் இறக்கைதான் மிஞ்சுகிறது, அதனால் வகைப்பாடே இறக்கை நரம்புகளின் அமைப்பை நம்பித்தான் ஓடுகிறது (கண் வலிக்கும் வேலை!).

அப்புறம், மெகானியூராவின் உறவான மெகானியூராப்சிஸ் பேரினத்தில் பெர்மியானா (1939), அமெரிக்கானா (1947) என்ற இரண்டு இனங்களையும் புதைபடிவப் பூச்சி ஆய்வாளர் கார்பென்டரே முதலில் விவரித்துப் பெயரிட்டார். இரண்டும் ஒரே இனம் என்று கொண்டால், முந்திய பெயரான பெர்மியானாதான் நிற்கும்.