மூன்றாவது நீட் வேண்டாம், மீன் முட்டை போதும்

அம்மா, மகளை மூன்றாவது முறை நீட் எழுத வைப்பதா, வேறு வழி பார்ப்பதா என்று கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு முறை நீட்டில் மதிப்பெண் குறைந்ததால் உங்கள் மகளின் வாழ்க்கை முடிந்துவிடாது. ஆறுதல் அவ்வளவுதான். இனி கறாராகப் பேசுகிறேன்.

வீட்டை அடகு வைத்து வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படிக்க வைக்கலாம் என்கிறார் உங்கள் அண்ணன். தவணையை அவரா கட்டப்போகிறார்? படித்துத் திரும்பினாலும், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கு வைக்கும் எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் தேறாமல் இங்கே வைத்தியம் பார்க்க முடியாது. வீட்டுப் பத்திரத்தைத் தொடாதீர்கள். இன்ஜினியரிங், நர்சிங் பற்றியெல்லாம் உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் சொல்வார்கள், அதை விடுகிறேன்.

கோச்சிங்குக்கு எழுப்பினால் எழாத பெண், தொட்டியில் ஜீப்ரா மீன் முட்டையிடும் என்று விடியலில் எழுந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்கிறாள் என்று குறைப்பட்டிருக்கிறீர்களே, அதைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். கருவுற்ற முக்கால் மணி நேரத்தில் முதல் செல் இரண்டாகிறது. அப்புறம் ஏறக்குறைய கால் மணிக்கு ஒரு தடவை 4, 8, 16 என்று பெருகுகிறது. முட்டை கண்ணாடி மாதிரி இருப்பதால் எதையும் அறுக்க வேண்டியதில்லை. மறுநாளே இதயம் துடிப்பது தெரியும். பொழுதுபோகாமல் யாரும் இதைப் பார்த்துக்கொண்டு உட்கார மாட்டார்கள்.

இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 1957-இல் ஒடிசாவின் கட்டாக்கில் ஹீராலால் சௌத்ரி என்ற மீன் விஞ்ஞானி, கெண்டை மீனுக்குப் பிட்யூட்டரி என்ற மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசி போட்டு முட்டையிட வைத்தார். அதற்கு முன் குஞ்சுக்குப் பெரும்பாலும் ஆற்றைத்தான் நம்பியிருந்தார்கள். இன்றும் ஹேச்சரியில், அதாவது மீன் குஞ்சு பொரிக்கும் பண்ணையில், மாலையில் ஊசி போட்டால் இரவில் முட்டை வரும். கொஞ்சம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, ஒழுங்காகப் பிரிகிறவை எத்தனை, வெளுத்துப்போனவை எத்தனை என்று எண்ணுவார்கள். எத்தனை குஞ்சு தேறும் என்ற கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் கட்லா, ரோகு முட்டைகள் ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். கொடுவா மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய வைத்தது சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம்.

இதற்கான படிப்பு பி.எஃப்.எஸ்சி. என்ற மீன்வளப் பட்டப்படிப்பு, நான்கு ஆண்டு. தூத்துக்குடிக் கல்லூரி 1977 முதல் இருக்கிறது. இப்போது நாகப்பட்டினத்து மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. பிளஸ் டூ மதிப்பெண் போதும், நீட் தேவையில்லை. முடித்தால் டி.என்.பி.எஸ்.சி. வழியாக மீன்வள ஆய்வாளர் ஆகலாம், எம்.எஃப்.எஸ்சி. படித்து ஆராய்ச்சிக்குப் போகலாம், மரக்காணம் பக்கத்து இறால் ஹேச்சரிகளில் வேலைக்குச் சேரலாம். தனியார் ஹேச்சரியில் ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது. ராத்திரி வேலை, கவிச்சி வாடை, ஊருக்கு வெளியே தங்கல், எல்லாம் உண்டு.

விண்ணப்பிக்கும் முன் நான்கு ஆண்டுக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் கல்லூரியில் கேட்டுத் தாளில் எழுதுங்கள். கடனில்லாமல் முடியுமா என்று பாருங்கள். அப்புறம் அவளை ஒரு ஹேச்சரிக்குக் கூட்டிப் போங்கள். வாடை பிடிக்கவில்லை என்றால் விலங்கியல் பற்றிப் பேசுவோம். பிடித்தால் இந்த ஆண்டே விண்ணப்பியுங்கள். ஹேச்சரிக்குப் போகும்போது அண்ணனைக் கூட்டிப் போக வேண்டாம்.