பெர்ன் மணிக்கூண்டைப் பார்க்க டிக்கெட் வேண்டுமா?

கேள்வி: சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் வேலை பார்க்கும் மகள் வீட்டுக்கு ஜூன் மாதம் நான்கு பேர் போகிறோம். அங்குள்ள பழைய மணிக்கூண்டைப் பார்க்க, ‘வரிசையில் நிற்காத டிக்கெட்’ என்று ஏஜென்ட் நபருக்கு 7,000 ரூபாய் கேட்கிறார். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. வாங்கலாமா?
- வாசகர், திருச்சி

வாங்காதீர்கள். அந்தக் கோபுரம் நடுத்தெருவில் நிற்கிறது. அதன் அடியிலுள்ள வளைவுக்குள் ஊரே நடந்து போகிறது. வெளியே நின்று பார்க்க ஒரு காசு வேண்டாம்.

உள்ளே ஏறுவதற்குக் கட்டணம் உண்டு. ஆனால் வழிகாட்டியோடு மட்டும்தான் ஏற முடியும். குறித்த நேரத்தில் அவர் கதவைத் திறப்பார். பதிவு செய்தவர்கள் எல்லோரும் ஒன்றாக ஏறுவார்கள். முந்திக்கொண்டு போக அங்கே வரிசையே இல்லை. இல்லாத வரிசைக்கு ஏஜென்ட் உங்களிடம் பணம் கேட்கிறார். நகரத்தின் சுற்றுலா நிறுவனமான ‘பெர்ன் வெல்கம்’ இணையதளத்தில் மகளே பத்து நிமிடத்தில் பதிவு செய்துவிடுவார். விளக்கம் எந்த மொழியில் என்பதைப் பார்த்துப் பதியச் சொல்லுங்கள்.

அம்மா ஏற வேண்டாம். லிஃப்ட் கிடையாது, படிகள் நூற்றுக்கும் மேல். அதற்காக அவர் எதையும் இழக்கப்போவதில்லை. முக்கியமான காட்சி தெருவில்தான்.

‘சிட்குளோக்கே’ என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லும் இந்தக் கோபுரம் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரின் மேற்கு வாசலாகக் கட்டப்பட்டது. ஊர் வளர வளர வாசல் மேற்கே தள்ளிப்போனது. இது பெண்களுக்கான சிறையானது. 1405இல் நகரம் பற்றி எரிந்தபோது இதுவும் எரிந்தது. திரும்பக் கட்டியபோது தொங்கவிட்ட பெரிய மணி அதே 1405இல் வார்த்தது. காஸ்பர் புருன்னர் 1530இல் முடித்த இரும்புப் பொறி கடிகாரத்தையும் பொம்மைகளையும் இன்றும் இயக்குகிறது.

அந்தப் பொம்மைகளுக்காகத்தான் போகிறோம். சேவல் இறக்கையடித்துக் கூவும். கரடிகள் வரிசையாக வலம் வரும். கோமாளி நேரம் ஆகும் முன்பே அவசரப்பட்டு மணியடிப்பான். பிறகு உச்சியில் பொன்னிற வீரன் சுத்தியலால் பெரிய மணியை அடிக்க, கீழே சிம்மாசனத்தில் இருக்கும் கிழவர் மணற்கடிகையைத் திருப்பிப் பிடித்து, ஒவ்வொரு அடிக்கும் வாயைத் திறந்து எண்ணுவார்.

இதில் பலர் ஏமாறுவது இரண்டு இடங்களில். ரயில் நிலையத்திலிருந்து நடந்து வந்தால் முதலில் தெரிவது மேற்கு முகம். பொம்மைகள் இருப்பது கிழக்கு முகத்தில். வளைவைக் கடந்து கிராம்காசே தெருவுக்குள் போய்த் திரும்பி நிற்க வேண்டும். அடுத்து, ஆட்டம் மணி அடிப்பதற்கு மூன்று நான்கு நிமிடம் முன்பே தொடங்கிவிடும். பத்து மணிக்கு வந்தால் கரடிகள் வலம் வந்து முடித்திருக்கும். என்னிடம் வந்த ஒரு குடும்பத்தின் பயணத் திட்டத்தில் ‘மணிக்கூண்டு தரிசனம்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. பேருந்து போய் நின்றதோ மணி அடித்து ஐந்து நிமிடம் கழித்து. அடுத்த மணிவரை நிறுத்தக்கூட ஓட்டுநருக்கு உத்தரவு இல்லை. ஆறு பேருக்குப் பணம் கட்டிய அந்தத் தாத்தா, பேரனுக்குக் காட்ட முடியவில்லையே என்று என் முன்னால் கண் கலங்கினார். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

ஏஜென்ட் இன்னொன்றும் சொல்வார்: ஹோட்டலில் தங்கினால் நகரப் பேருந்து, டிராம் இலவசம் என்று. உண்மைதான், ‘பெர்ன் டிக்கெட்’ என்று பெயர். ஆனால் கட்டணம் கட்டித் தங்கும் விருந்தினருக்கு மட்டும். மகள் வீட்டில் தங்கும் உங்களுக்குக் கிடையாது. நடுவில் ஓர் இரவு ஹோட்டலில் தங்கினால், அங்கே தங்குபவர்களுக்கு, வந்த நாள் முதல் கிளம்பும் நாள் வரை, பெர்ன் நகர வட்டத்துக்குள் மட்டும் செல்லும். சூரிச்சுக்கோ இன்டர்லாக்கனுக்கோ செல்லாது. கூட வரும் மகளுக்கும் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். இதற்காக ஹோட்டல் போடுவது நஷ்டம்.

விசாவுக்காக ஹோட்டல் பதிவு செய்து பிறகு ரத்து செய்துவிடலாம் என்று அவர் சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். தங்குவது மகள் வீட்டில் என்றால் அதையே எழுதுங்கள். மகளின் அழைப்புக் கடிதத்தை இணையுங்கள். பொய்யான தங்குமிடம் காட்டி மாட்டினால் மறுப்பு உங்கள் பெயரில் பதியும், ஏஜென்ட் பெயரில் அல்ல. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் கோடை வந்தால் நேர ஒதுக்கீடு கிடைக்காமல் மக்கள் அலைகிறார்கள். அந்தத் தட்டுப்பாட்டில்தான் இடைத்தரகர் பிழைக்கிறார். மகளைப் பார்க்கப் போகும் தாயை இப்படி அலைக்கழிப்பதை இத்தனை வருடமாக யாரும் சரிசெய்யவில்லை.

கிராம்காசேயில் இருபுறமும் கூரை வேய்ந்த நடைபாதை உண்டு. மழை வந்தாலும் அம்மா நனைய மாட்டார். சாலை கருங்கல் பாவியது, பேருந்தும் ஓடும். ஆகவே அவரை நடைபாதையிலேயே கூட்டிப் போய், மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கோபுரம் தெரியும் ஒரு தூணருகே நிறுத்துங்கள். முடிந்ததும் வளைவுக்குள் சுவரைக் காட்டுங்கள். அந்தக் காலத் துணி வியாபாரிகளின் முழ அளவு அங்கே பதித்திருக்கிறது. கையை வைத்து அளந்து பார்க்கலாம்.