கணினி கேள்வி – பதில்: ஐந்து பேருக்கு ஒரு சர்வர், சத்தமில்லாமல்

கேள்வி: ஐந்து பேர் வேலை பார்க்கும் சிறிய மென்பொருள் நிறுவனம் எங்களுடையது. ஒரே ஹால். ஆளுக்கொரு கேமிங் லேப்டாப். பில்ட் ஓடும்போது எல்லாமே இரைகின்றன, போனில் பேச முடிவதில்லை. பழைய ரேக் சர்வர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கி எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாமா?
– கோவை வாசகர்

பதில்: பகிர்ந்துகொள்ளுங்கள், தாராளமாக. ஆனால் அந்த ரேக் சர்வரை அதே ஹாலில் வைப்பதென்றால் வாங்காதீர்கள். ஒரு யூ (ரேக்கில் ஓர் அடுக்கு) சர்வரின் உயரம் 4.5 செ.மீ.கூட இருக்காது, 40 மி.மீ. விசிறிதான் அதில் நுழையும். அவ்வளவு சின்ன விசிறி போதிய காற்றைத் தள்ள, நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேலும் ஓட வேண்டிவரும். கதவை மூடினாலும் கேட்கும் கீச்சு அது. சில மாடல்களில் தயாரிப்பாளரின் பட்டியலில் இல்லாத கார்டைச் செருகினாலே விசிறிகள் வேகமெடுத்துவிடும்.

அதற்குப் பதில் கூடுதலாகப் பணம் போட்டு ஒரு டவர் மெஷினை அசெம்பிள் செய்துகொள்ளுங்கள். விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் ஏறக்குறைய பாதியாகும். சத்தமோ 15 டெசிபல் அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே 140 மி.மீ. விசிறி முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. பிராசஸர் மேல் பெரிய டவர் கூலர். பிராசஸருக்கு ரைசன் 9 7900 போதும்: 12 கோர், 65 வாட். அதிலேயே கிராபிக்ஸ் இருப்பதால் தனி கார்டு வேண்டாம், ஒரு விசிறி மிச்சம். 7950எக்ஸ் மேல் ஆசை இருந்தால் வாங்கலாம். ஆனால் அது 170 வாட், பயாஸில் (மெஷினின் அடிப்படை அமைப்புத் திரை) மின்சாரத்தைக் குறைக்கும் ஈகோ மோடு போடாமல் அமைதியை எதிர்பார்க்காதீர்கள்.

மெமரி 96 ஜி.பி., இரண்டு 48 ஜி.பி. குச்சிகளாக. கடைக்காரர் நான்கு 24 ஜி.பி. தருகிறேன் என்பார், ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்த வரிசைப் பிராசஸர்களில் இரண்டு குச்சிக்கு 5200 வேகம் வரை உத்தரவாதம், நான்கு போட்டால் 3600தான். முதல் தடவை ஆன் செய்யும்போது சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும். மெமரியைப் பழக்கிக்கொள்கிறது, போர்டு போய்விட்டதென்று கழற்ற வேண்டாம். சேமிப்புக்கு 2 டி.பி. என்.வி.எம்.இ. (சுழலும் பாகமில்லாத வேகமான டிஸ்க்) இரண்டை மிரராகப் போடுங்கள், இரண்டிலும் ஒரே தகவல் பதியும். சுழலும் ஹார்டு டிஸ்க் வேண்டாம். மிரர் பேக்கப் ஆகாது: தவறுதலாக அழித்த ஃபைல் இரண்டிலுமே அழியும். இரவு பேக்கப் வேறொரு டிஸ்க்குக்குப் போகட்டும்.

மேஜைகளில் விசிறியே இல்லாத என்100 (இன்டெல்லின் குறைந்த மின்சாரப் பிராசஸர்) மினி பி.சி., 16 ஜி.பி. மெமரியுடன். பிரவுசரும் எடிட்டரின் திரையும் மட்டும் அதில் ஓடும். கோடும் கம்பைலரும் எஸ்.எஸ்.எச். (தொலைவிலிருந்து பாதுகாப்பாக இணையும் வழி) வழியாக சர்வரில். வைஃபை வேண்டாம், கிகாபிட் கேபிள் இழுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் சர்வர் பெரும்பாலும் அமைதியாகத்தான் இருக்கிறது. ஆனால் யாராவது ஃபைலைச் சேமிக்கும்போதெல்லாம் விசிறி 'உய்ங்' என்று ஏறி இறங்குகிறது. தொடர் சத்தத்தைவிட இது எரிச்சல்.
– சேலம் வாசகி

பதில்: இப்போதைய பிராசஸர்கள் ஒரு வினாடி வேலைக்கே 20 டிகிரி எகிறும், விசிறி அதைத் துரத்துகிறது. பயாஸில் ஸ்டெப் அப், ஸ்டெப் டவுன் நேரம் என்று இருக்கும். ஏறுவதற்கு 5 வினாடிக்கு மேலும் இறங்குவதற்கு அதைவிட அதிகமாகவும் வையுங்கள். 70 டிகிரி வரை வேகக்கோடு படுத்தே இருக்கட்டும், அதற்கு மேல் ஏறட்டும். அதன் பிறகும் அடங்காவிட்டால் முன்பக்க வலையைப் பாருங்கள். நம் ஊர்த் தூசிக்கு அதை மாதம் ஒருமுறை தட்ட வேண்டும். சத்தம் வெளியே வராமலிருக்க மர அலமாரிக்குள் பூட்டி வைப்பவர்கள் உண்டு. விட்ட சூட்டையே மெஷின் திரும்ப உறிஞ்சும், விசிறி இன்னும் வேகமாக ஓடும்.

கேள்வி: பொது சர்வரில் ஒருவர் டாக்கரில் (நிரல்களைக் கண்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) பெரிய டெஸ்ட் ஓட்டினால் மற்றவர்களுக்கு எல்லாம் உறைந்துவிடுகிறது. ஆளுக்கு 16 ஜி.பி. மெமரி என்று சிஸ்டம்டியில் (லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் மென்பொருள்) வரம்பு போட்டும் பலனில்லை.
– மதுரை வாசகர்

பதில்: வரம்பு சரியாகத்தான் இருக்கிறது, கண்டெய்னர்கள் அதற்கு வெளியே ஓடுகின்றன. வழக்கமான டாக்கரில் கண்டெய்னரைத் துவக்குவது ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள பயனராக) ஓடும் டாக்கர் சேவை. அதனால் கண்டெய்னர் சிஸ்டம் ஸ்லைஸில் (சர்வர் சேவைகளுக்கான பங்கு) போய் விழும், நீங்கள் வரம்பு போட்ட யூசர் ஸ்லைஸில் அல்ல. போதாததற்கு, டாக்கர் குழுவில் இருப்பவர் எவரும் சர்வரின் முழு டிஸ்க்கையும் கண்டெய்னருக்குள் மவுண்ட் செய்யலாம். அது ரூட் பாஸ்வேர்டைக் கையில் கொடுத்த மாதிரிதான். ஒவ்வொருவருக்கும் ரூட்லெஸ் டாக்கர் (ரூட் அதிகாரம் இல்லாமல் அவரவர் பெயரில் ஓடுவது) அல்லது அதே வேலை செய்யும் பாட்மேன் போட்டுக்கொடுங்கள். அப்போது வரம்பு பிடிக்கும்.

மெமரிமேக்ஸ் 16 ஜி.பி. என்று மட்டும் வைத்தால், எல்லையைத் தொட்டதும் அவருடைய ஏதோ ஒரு புராசஸ் சட்டென்று கொல்லப்படும். மெமரிஹை 14 என்றும் சேர்த்து எழுதுங்கள். முதலில் வேகம் குறையும், அவரே கவனித்து எதையாவது நிறுத்துவார். சி.பி.யு. வெயிட் எல்லோருக்கும் 100 என வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். எழுதாமல் விட்டால் சில கட்டமைப்புகளில் பயனர்களுக்கிடையே பங்கீடே நடக்காது. அதிக திரெட் ஓட்டுபவர் அதிகம் அள்ளிக்கொள்வார்.

ரூட்லெஸுக்கு மாறியதும் இரண்டு புகார் வரும். ஒன்று, லாக் அவுட் செய்ததும் கண்டெய்னர்கள் நின்றுபோவது. அந்தப் பயனருக்கு லிங்கரை (வெளியேறிய பிறகும் அவர் சேவைகளை ஓடவிடும் அமைப்பு) இயக்கினால் தீர்ந்தது. இன்னொன்று, இருவரும் 3000ஆம் போர்ட்டைக் கேட்பது. ஒருவருக்கு 3100 முதல் 3199, அடுத்தவருக்கு 3200 முதல் 3299 என்று பிரித்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: மின்வெட்டின்போது யூ.பி.எஸ். பீப் அடித்தே தலைவலி. அணைத்துவிடலாமா?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: பீப்பை மட்டும் அணைக்கலாம், பெரும்பாலான யூ.பி.எஸ்.களில் பட்டனிலோ யூ.எஸ்.பி. வழியாகவோ முடியும். பீப் இல்லாவிட்டால் எச்சரிக்கும் வேலையை மென்பொருள்தான் செய்ய வேண்டும்: யூ.எஸ்.பி. கேபிளைச் செருகி, யூ.பி.எஸ்.ஸைக் கண்காணிக்கும் நட் (NUT) மென்பொருளை நிறுவி, பேட்டரி தாழ்ந்ததும் சர்வர் தானாக ஷட் டவுன் ஆகும்படி வையுங்கள். சைன் வேவ் யூ.பி.எஸ். வாங்குங்கள், படிக்கட்டு அலை தருகிறவற்றில் சில எஸ்.எம்.பி.எஸ்.கள் (கணினியின் பவர் சப்ளை) பேட்டரிக்கு மாறும் நொடியில் அணைந்துவிடும். நெட்வொர்க் சுவிட்சையும் அதே யூ.பி.எஸ்.ஸில் மாட்டுங்கள். மேஜை மினி பி.சி.கள் அணைந்தால் பரவாயில்லை. டீமக்ஸுக்குள் (இணைப்பு அறுந்தாலும் வேலையைத் தொடரவிடும் கருவி) துவக்கிய பில்ட் சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும்.